ஆள் போட்டாச்சு

நெல்லிமடை அங்கன்வாடியில் பதினாலு பிள்ளைகள் சேர்ந்து, ஒவ்வொன்றுக்கும் வயது மூன்றோ நான்கோ, வீட்டில் வேண்டாம் என்று கழித்த சாமான்களை வைத்து ஓர் ஆயாவைச் செய்து முடித்தார்கள். மறுநாள் காலை எட்டே முக்காலுக்கெல்லாம் அந்த ஆயா முற்றத்தைப் பெருக்கி, தண்ணீர் தெளித்து, அடுப்பில் உலை வைத்துவிட்டு, வாசலுக்கு வந்து டீச்சரைப் பார்த்துச் சொன்ன முதல் பேச்சு, "டீச்சர், உப்பு தீந்துருச்சு" என்பதுதான்.

டீச்சர் மாரீஸ்வரி செருப்பைக் கழற்றிக்கொண்டே, "நேத்தே வாங்கணும்னு நினைச்சேன்" என்று பதில் சொல்லிவிட்டு, கடைக்குப் போய் உப்புப் பாக்கெட் வாங்கி வந்து கொடுத்த பிறகுதான் யாரிடம் பேசினோம் என்று நின்று பார்த்தாள். பார்த்ததும் அவளுக்கு வந்த கவலை, எண்ணெய் டின்னுக்கு எப்படி உயிர் வந்தது என்பதல்ல. இவளை வருகைப் பதிவேட்டில் எழுதலாமா, எழுதினால் எந்தப் பக்கத்தில் எழுதுவது என்பதுதான்.

அவள் அப்படிப்பட்டவள். அவள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். முதல் பட்டதாரிச் சான்றிதழை அவள் அம்மா லேமினேட் செய்து, சாமி படத்துக்குப் பக்கத்தில், சாமியை ஒரு விரற்கடை நகர்த்தி மாட்டியிருந்தார். அப்படி மாட்டப்பட்டவளுக்குத் தப்பு செய்ய இடமில்லை. எதை எழுதினாலும் பென்சிலால் ஒருமுறை எழுதி, சரிபார்த்து, பேனாவால் ஒருமுறை எழுதுவாள். பேனாவால் எழுதியதையும் மூன்று முறை படிப்பாள். அப்படியும் ஒரே ஓர் இடத்தில், நல்ல கையெழுத்தில், பிழையில்லாமல், ஒரு பொய்யை எழுதியிருந்தாள்.

அது ஏழு மாதத்துக்கு முன்பு நடந்தது. பழைய ஆயா ஓய்வுபெற்றுப் போனதும், கீழத்தெருவிலிருந்து தங்கப்புஷ்பம் என்பவரை அந்த இடத்துக்குப் போட்டார்கள். முதல் நாளே அவர் சாம்பார் சாதத்தில் முருங்கைக்கீரையை உருவிப் போட்டுக் கிண்டினார். பிள்ளைகள் இரண்டாந்தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். நாலாம் நாள் மேலத்தெருப் பிள்ளைகள் பதினொரு பேருக்கும் ஒரே காலையில் காய்ச்சல் வந்தது. கீழத்தெருப் பிள்ளைகள் மூன்று பேருக்கும் வரவில்லை. தெரு முனையில் இடப்பக்கம் திரும்ப வேண்டும், வலப்பக்கம் திரும்பக் கூடாது என்று அந்தக் காய்ச்சலுக்கு யாரோ வழி சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

மாரீஸ்வரி வீடு வீடாகப் போனாள். மேலத்தெருவில் பேசக்கூடியவர் ராமசுப்பு, முன்னாள் வார்டு உறுப்பினர். அவர் பேத்தி சஷ்டிகாவும் அங்கன்வாடியில்தான் இருந்தாள். "காய்ச்சல் எப்பய்யா சரியாகும்?" என்று மாரீஸ்வரி அவரிடம் கேட்டாள்.

"புள்ளைக்குக் காய்ச்சல் இல்லம்மா," என்றார் அவர், பல்லைக் குத்திக்கொண்டே. "காய்ச்சல் உங்க சமையக்கட்டுல இருக்கு. அத இறக்கு."

பத்து நாள் கழித்துத் தங்கப்புஷ்பமே மாறுதல் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டு, இரண்டு பஸ் மாறிப் போகிற இன்னொரு மையத்துக்குப் போய்விட்டார். போகும்போது மாரீஸ்வரியிடம் கோபமாக எதுவும் சொல்லவில்லை, அடுப்பின் இடது பர்னர் அடைக்கிறது, ஊசியால் குத்திவிடு என்று மட்டும் சொன்னார். பதிவேட்டில் மாறுதலுக்கான காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. மாரீஸ்வரி அதில் "சொந்தக் காரணங்களுக்காக" என்று எழுதினாள். அவளும் வேலைக்குப் புதுசு. அவள் வந்த நாளிலேயே ராமசுப்பு, "என்ன ஆளும்மா நீ?" என்று கேட்டிருந்தார். அவள், "பி.எஸ்சி. விலங்கியல்ங்க" என்றாள். மேலத்தெருக்காரர்கள் அதோடு விடாமல் பஸ் கண்டக்டர் மூலமாக அவள் ஊரில் விசாரித்து, பரவாயில்லை என்று முடிவுசெய்திருந்தார்கள். பரவாயில்லை என்று விடப்பட்டவள் வாயைத் திறப்பானேன் என்று நினைத்துத்தான் அந்த இரண்டு வார்த்தைகளை எழுதினாள். அன்றிலிருந்து அவை தொண்டையில் மீன்முள்ளாக நின்றன. தங்கப்புஷ்பத்தை நெல்லிமடைக்குப் போட்ட ஆர்டரின் நகலை யாரும் கேட்கவில்லை, அவளும் கிழித்துப் போடவில்லை. எட்டாக மடித்து, சிலேட்டுப் பெட்டிக்கு அடியில் தள்ளி வைத்தாள்.

அதற்குப் பிறகு ஏழு மாதம் பெருக்குவது, சமைப்பது, பாட்டுச் சொல்லித் தருவது, மூக்குச் சிந்திவிடுவது எல்லாம் அவள்தான். தினமும் பதினோரு மணிக்கு, ஒரு கையில் கரண்டியும் மறு கையில் போனுமாக நின்று சூப்பர்வைசரைக் கூப்பிடுவாள்.

"மேடம், ஆள் போடுங்க மேடம்."

"ஆர்டர் வந்தாத்தாம்மா ஆள் வரும்."

"எப்ப மேடம் ஆள் போடுவீங்க?"

"ஆர்டர் வரட்டும்மா."

இந்தப் பேச்சைப் பிள்ளைகள் ஏழு மாதம் கேட்டார்கள். 'அம்மா இங்கே வா வா' பாட்டை மறந்தவர்கள்கூட இதை மறக்கவில்லை. மத்தியானம் படுத்தால், ஒன்று "ஆள் போடுங்க மேடம்" என்று முனகும், பக்கத்தில் படுத்திருப்பது "ஆர்டர் வரட்டும்மா" என்று தூக்கத்திலேயே பதில் சொல்லும்.

அப்படி இருக்கும்போதுதான், வீட்டில் கழிக்கும் பொருட்களைக் கொண்டு குழந்தைகளைக் கைவேலை செய்யவைத்துப் படம் எடுத்து அனுப்புக என்று ஒரு சுற்றறிக்கை வந்தது. மாதிரிக்குப் பூச்சாடியும் பேனா ஸ்டாண்டும் போட்டிருந்தார்கள். மாரீஸ்வரி பிள்ளைகளிடம், "நாளைக்கு வேண்டாம்னு வச்சிருக்கிற பொருளா எடுத்துட்டு வாங்க" என்றாள். வந்ததைப் பார்க்க வேண்டும். பதினைந்து லிட்டர் எண்ணெய் டின் வந்தது, ஓட்டைக் குடத்தின் அடிப்பாகம் வந்தது, கழுவிய பால் கவர்கள் நாற்பது வந்தன, தேங்காய் நார் வந்தது, சோடா மூடி, ஐஸ் குச்சி, மாத்திரை அட்டை, பேஸ்ட் டப்பா, போன வருஷக் கல்யாணப் பத்திரிகைகள், பஞ்சாயத்துக் குழாய் போட்டபோது மிச்சமான பைப் துண்டுகள், ஒரு தாத்தாவின் பல்செட்டும் வந்தது. பல்செட்டை மட்டும் அவள் திருப்பி அனுப்பினாள்.

பயந்த பெண் என்பதால் முன்னேற்பாடு பலமாக இருந்தது. டின்னின் விளிம்பைச் சுத்தியலால் தட்டி மடக்கி, துணி சுற்றி ஒட்டினாள். துளை போட வேண்டிய இடத்திலெல்லாம் அவளே ஆணியால் போட்டுவிட்டு ஆணியைப் பரணில் ஒளித்தாள். மைதா பசை காய்ச்சி ஆறவைத்தாள். அதில் பாதியை அஸ்வின்பாண்டி என்ற பையன் நக்கினான். பிறகு பதினோரு மணி ஆனது. அடுப்பில் சோறு பொங்கியது, போனில் மேடம் கிடைத்தார். மாரீஸ்வரி போனைப் பொத்திக்கொண்டு பிள்ளைகள் பக்கம் திரும்பி, "சண்டை போடாம ஆளுக்கு ஒண்ணு செய்யுங்க" என்றாள்.

அவள் சொன்னது ஒவ்வொருவரும் ஒவ்வொன்று செய்யுங்கள் என்று. பிள்ளைகள் காதில் விழுந்தது, அந்த ஆளுக்கு, அதாவது ஏழு மாதமாக வராத அந்த ஆளுக்கு, ஒவ்வொரு உறுப்பாகச் செய்யுங்கள் என்று. அதில் குழப்பம் இல்லை, சண்டையும் இல்லை. ஒருவர் வயிறு செய்தார், ஒருவர் தலை. சோடா மூடிகளில் ஒன்று கறுப்பு, ஒன்று ஆரஞ்சு, அதனால் ஆயா எந்நேரமும் கண்ணடிப்பதுபோல் இருந்தாள். பைப்பு கையானது, ஐஸ் குச்சி விரலானது, மாத்திரை அட்டை தோடானது, பால் கவரெல்லாம் ஒட்டி ஒரு சேலையானது.

போனை வைத்துவிட்டுத் திரும்பியபோது சஷ்டிகா கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள். "டீச்சர், ஆள் போட்டாச்சு."

"அப்படியா? ஆர்டர் இல்லாம ஆள் போடக் கூடாதே."

"ஆர்டரும் போட்டாச்சு. வயித்துக்குள்ள இருக்கு."

மாரீஸ்வரி சிரித்தாள். ஏதோ கல்யாணப் பத்திரிகை என்று நினைத்தாள். பூச்சாடியும் பேனா ஸ்டாண்டும் இல்லாததால் அவளே அவசரமாகச் செய்து படமெடுத்து அனுப்பினாள். மறுநாள்தான் உப்பு தீர்ந்தது.

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்றால், கரண்டு வந்தால் எப்படி எடுத்துக்கொள்ளுமோ அப்படி. பிள்ளைகளை விட வந்த அம்மாக்கள் ஆயாவை ஏற இறங்கப் பார்த்தார்கள். "வந்தாச்சா, நல்லதாப் போச்சு" என்றார்கள். சஷ்டிகாவின் அம்மா ஜெயக்கொடி, "நடக்கும்போது சரசரங்குது, புள்ளைக எப்படித் தூங்கும்?" என்று ஒரு குறை சொன்னாள். வேறொருத்தி, "சேலை நெருப்புப் பட்டா உருகிரும், தள்ளி நின்னு கிண்டச் சொல்லுங்க" என்று யோசனை சொன்னாள். ஆயாவின் கை நாலடி நீளம் இருந்ததால் அவள் தள்ளி நின்றே கிண்டினாள். காற்றடிக்கிற நாளில் இரண்டு பிள்ளைகள் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டார்கள். டின்னின் எண்ணெய்ப் பிசுக்குக்கு எறும்பு வந்தது, அவள் நிற்கிற மூலையைச் சுற்றி எறும்புச் சாக்பீஸால் கோடு போட்டார்கள். ஒரு வாரத்தில் அவளைப் பற்றிப் புறணி பேச ஆரம்பித்தார்கள். ஊரில் ஓர் ஆளைச் சேர்த்துக்கொண்டதற்கு அதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

புறணி முற்றியபோது, வர வேண்டிய கேள்வி வந்தது. ராமசுப்பு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நாலு பேரோடு சமையற்கட்டு வாசலுக்கு வந்தார்.

"ஏத்தா, ஒண்ணு கேட்டாத் தப்பா நினைக்கக் கூடாது. நீ என்ன ஆளு?"

"புள்ளைக போட்ட ஆளுங்க," என்றாள் ஆயா.

"அது ஊருக்கே தெரியும். அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடி கடலை எண்ணெய்."

"அதுக்கும் முன்னாடி?"

ஆயா யோசித்தாள். யோசிக்கும்போது அவள் வயிறு டொப்பென்று உள்ளே போய், டொப்பென்று வெளியே வரும். "தகரம்," என்றாள்.

அவளிடம் கேட்டுப் பயனில்லை என்று சாமான் சாமானாக விசாரித்தார்கள். டின் யார் வீட்டு டின்? ராமசுப்பு வீட்டு டின். அவர் முகம் மலர்ந்து, "வயிறு நம்ம வயிறு" என்றார். தலை? கீழத்தெருப் பிள்ளை இன்பா வீட்டு ஓட்டைக் குடம். முகம் சுருங்கியது.

"மாமா, தலைய வச்சுப் பாக்குறதா, வயித்த வச்சுப் பாக்குறதா?" என்று ஜெயக்கொடி கேட்டாள். கேட்டது சந்தேகமா கிண்டலா என்று அவருக்குப் பிடிபடவில்லை.

"தலைதான் ஆளு," என்று தீர்ப்புச் சொல்லி, வீட்டிலிருந்து எவர்சில்வர் குடம் ஒன்றைக் கொண்டுவந்து தன் கையாலேயே மாற்றினார். குடம் கனம். ஆயா குனிந்ததும் அது விழுந்தது, எடுத்து மாட்டினால் மறுபடி விழுந்தது, மூன்றாம் முறை நேராக ராமசுப்புவின் பெருவிரலில் விழுந்தது. அவர் நொண்டிக்கொண்டு சுவரோரம் போய் உட்கார்ந்த நேரத்தில் பிள்ளைகள் பழைய தலையை எடுத்து, சைக்கிள் டியூப்பால் இறுக்கிக் கட்டிவிட்டார்கள். விரல் வீங்க வீங்க அவருக்கு இன்னொரு யோசனை தோன்றியது.

"தலையால யாரு சமைக்கிறா? கைதான சமைக்குது. கை யாரோட கை? பஞ்சாயத்துப் பைப்பு. அது அரசாங்கத்துக் கை. அரசாங்கத்துக்கு ஏது ஆளு?"

எல்லோருக்கும் இது பிடித்துப்போனது. மாரீஸ்வரி வாயைத் திறந்தாள். தங்கப்புஷ்பத்தின் கையும் அரசாங்கம் போட்ட கைதானே என்று நாக்கு நுனி வரை வந்தது. வந்ததை விழுங்கிவிட்டு, பிள்ளைகளை ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கினாள். முள் இன்னும் கொஞ்சம் உள்ளே இறங்கியது.

பதினெட்டாம் நாள் சூப்பர்வைசர் மேடம் நேரில் வந்தார். பூச்சாடியைப் பார்த்துவிட்டு, "இத நீதானம்மா செஞ்ச?" என்றார். மாரீஸ்வரி தலையைக் குனிந்தாள். அப்போது ஆயா தள்ளி நின்று நாலடிக் கையால் சாம்பார் சாதத்தைக் கிண்டிக்கொண்டிருந்தாள். சமையல் வாசனைக்கு ராமசுப்புவும் வந்திருந்தார், நொண்டிக்கொண்டே. அம்மாக்களும் மேடத்தைப் பார்க்க வந்து நின்றார்கள்.

மேடம் ஆயாவைத் தலைமுதல் கால்வரை பார்த்தார். கைப்பையைத் திறந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார். "சுத்தமா இருக்காங்க. ஆர்டர் இருக்கா?"

"இருக்கு," என்றாள் சஷ்டிகா. "வயித்துல."

"எடு பாப்போம்."

சஷ்டிகா டின்னின் வாய்க்குள் கையை விட்டு, எட்டாக மடித்த காகிதத்தை எடுத்துக் கொடுத்தாள். காகிதம் வெளியே வந்ததும் ஆயா நின்றாள். கரண்டி பாதி சுற்றில் நின்றது, வயிறு டொப்பென்று உள்ளே போனது, வெளியே வரவில்லை. ஆரஞ்சு சோடா மூடி கழன்று தரையில் உருண்டு மேடத்தின் செருப்பில் முட்டி விழுந்தது.

மேடம் பிரித்துப் படித்தார். அரசாங்கக் காகிதத்தைப் படிக்கிறவர்கள் சத்தமாகத்தான் படிப்பார்கள். "திருமதி ச. தங்கப்புஷ்பம் என்பவரை நெல்லிமடை அங்கன்வாடி மைய உதவியாளராக."

வாசலில் நின்ற அம்மாக்கள் காகிதத்தை எட்டிப் பார்த்தார்கள்.

"இத எங்கடா எடுத்த?" என்றாள் மாரீஸ்வரி.

"சிலேட்டுப் பெட்டிக்கு அடியில. நீங்கதான வேண்டாம்னு வச்சிருந்தீங்க."

ராமசுப்பு விரல்விட்டு எண்ணினார். "அப்ப பதினெட்டு நாளா இந்தப் புள்ளைக சாப்பிட்டது..."

"அவுக ஆர்டர்ல மாமா," என்றாள் ஜெயக்கொடி. "நீங்களும் மூணு நாள் ருசி பாத்தீக. ரெண்டாந்தரம் கேட்டு வாங்கினீக."

அவர் பேத்தியின் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். ஜில்லென்று இருந்தது. தன் நெற்றியிலும் வைத்துப் பார்த்தார். சாப்பிட்டதெல்லாம் என்றைக்கோ செரித்துப் போயிருந்தது.

மேடம் மாரீஸ்வரி பக்கம் திரும்பினார். "அந்தம்மா சொந்தக் காரணத்துக்குத்தான் மாறிப் போனாங்கன்னு நீ எழுதியிருக்க. அப்படித்தான?"

அப்படித்தான் என்று சொன்னால் முடிந்தது. பென்சிலால்கூட எழுத வேண்டாம், தலையை ஆட்டினால் போதும். மாரீஸ்வரி சாமிக்குப் பக்கத்தில் தொங்கும் சான்றிதழை நினைத்தாள். இடது பர்னரை நினைத்தாள். பிறகு போய்ப் பதிவேட்டை எடுத்துவந்து, தரையில் உட்கார்ந்து பிரித்தாள். எழுதியதை அடிக்கக் கூடாது, விட்டதைச் சேர்த்து ஓரத்தில் கையெழுத்துப் போடலாம் என்பது விதி. அவள் அடிக்கவில்லை. "சொந்தக் காரணங்களுக்காக" என்பதற்கு முன்னால், யாருடைய சொந்தம் என்று எழுதாமல் விட்ட இடத்தில், முதல்முறையாக நேராகப் பேனாவாலேயே சேர்த்தாள்: "மேலத்தெருவின், அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்த எனது." ஓரத்தில் கையெழுத்துப் போட்டாள்.

மேடம் படித்தார். "இதுக்கு உனக்கு மெமோ குடுக்கணும், தெரியுமா?"

"தெரியும் மேடம்."

அவள் வீட்டில் மெமோ வாங்கிய முதல் ஆளும் அவள்தான். பின்னால் அவள் அம்மா அதையும் லேமினேட் செய்யக் கேட்டார், அரசாங்க முத்திரை இருக்கிறதே என்று.

மேடம் அங்கேயே நின்று தங்கப்புஷ்பத்துக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, திரும்பி வர முடியுமா என்று கேட்டார். அந்தப் பக்கம் பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்றது.

"அந்த நோட்டுல என்ன எழுதிருக்காம்?"

மாரீஸ்வரி படித்தாள்.

"இன்னொரு தரம் படி."

இன்னொரு தரம் படித்தாள். பிறகு, "திங்கக்கிழமை வர்றேன்," என்றார் தங்கப்புஷ்பம்.

அதற்குள் சோறு அடிப்பிடிக்கிற வாடை வந்தது. கரண்டி சட்டிக்குள் நின்றபடி நின்றது. அம்மாக்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். மேடம் கைப்பையை அணைத்துக்கொண்டார். சஷ்டிகா மட்டும் யோசிக்காமல், மூலையில் மிச்சம் கிடந்த கல்யாணப் பத்திரிகை ஒன்றை எடுத்து எட்டாக மடித்து, எக்கி நின்று, தாத்தாவின் சட்டைப்பையில் திணித்தாள்.

"தாத்தா, ஆர்டர்."

காகிதம் பைக்குள் போனதும் ராமசுப்புவின் கால்கள் நொண்டலை மறந்து அடுப்புப் பக்கம் நடந்தன. ஆயாவின் பைப்புக் கையிலிருந்து கரண்டியை அவர் கை வாங்கியது. இரண்டு கையும் கரண்டியைப் பிடித்துக் கிண்டத் தொடங்கின. பையிலிருந்து பத்திரிகையை எடுத்துப் போட ஒரு கையாவது வேண்டும், அது ஒழியவில்லை. பிள்ளைகள் தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் உட்கார்ந்தார்கள். ஊர் இதையும் பார்த்தது. ஜெயக்கொடி மட்டும், "துண்ட இடுப்புல கட்டிக்கோங்க மாமா, கறையாகும்" என்றாள்.

"அதுவரைக்கும் அங்க அடுப்புல யாரு நிக்கிறா?" என்றார் தங்கப்புஷ்பம் போனில்.

"ராமசுப்புன்னு ஒருத்தர்," என்றார் மேடம்.

போன் மறுபடி பாத்திரம் தேய்க்கத் தொடங்கியது. பிறகு, "அப்ப இந்தத் திங்கக்கிழமை வேண்டாம் மேடம்," என்றது. "அடுத்த திங்கக்கிழமை வர்றேன்."

"டீச்சர், ஆள் போட்டாச்சு," என்றாள் சஷ்டிகா.

மாரீஸ்வரி பதிவேட்டை மூடினாள். எச்சிலை விழுங்கிப் பார்த்தாள், தொண்டையில் ஒன்றும் குத்தவில்லை. அடுப்படியிலிருந்து ராமசுப்பு திரும்பிப் பார்க்காமல், கிண்டுவதை நிறுத்தாமல், நாற்பது வருஷமாக இதையே சொல்லிக்கொண்டிருக்கிறவர்போலக் குரல் கொடுத்தார்.

"டீச்சர், உப்பு தீந்துருச்சு."